உப்பு எடுக்கப் போனவர்

ஒரு கதையைப் படித்துவிட்டு "நல்லா இருக்குது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நல்லா இல்ல" என்றும் சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். அதுவும் கதையை எழுதியவரும் அதைத் தமிழாக்கிய நானும் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மூலையிலிருந்து கேட்பார். அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அப்படி ஒரு கேள்வி வராதா என்று இருக்கிறது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் உண்டு. அங்கே ரத்தம் எடுப்பவர் அவர். எல்லோருக்கும் 'லேப் மேடம்'. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும், நரம்பைத் தேடும்போது மட்டும் கீழே இறங்கும். நான் அதே சாலையில் பஸ், ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எனக்குச் சொந்தமான பிறகு அவரிடம் அடிக்கடி கை நீட்ட வேண்டியதாயிற்று. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்து, எதிர் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் இலக்கியக் கூட்டம்.

ஊசி போடுகிறவர்கள் எல்லோரும் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். இவர் சொல்ல மாட்டார். "குத்தும் சார். எறும்புன்னு சொல்லிட்டா குத்தாதா?" என்பார். பயந்த பிள்ளைகளிடமும் அதேதான். பிள்ளைகள் அழும், ஆனால் அடுத்த முறை அவரிடமே கையை நீட்டும்.

பொய் சொல்ல மாட்டார் என்பது ஒரு பக்கம். அவரை அவராக ஆக்கியது வேறு ஒன்று. திரும்பி வராதவர்களை அவரால் விட முடியாது. ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்க வராதவர்கள் எல்லா லேபிலும் உண்டு. மற்ற இடங்களில் அந்தக் காகிதங்கள் கொஞ்ச நாள் கிடந்து குப்பைக்குப் போகும். இவர் போன் போடுவார். போன் எடுக்கவில்லை என்றால் மறுநாள் போடுவார். அதற்கும் எடுக்கவில்லை என்றால் அந்த ஊர்ப் பக்கம் போகிற யாரையாவது பிடிப்பார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் விவசாயி ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர் போனவர்தான். சர்க்கரை எக்கச்சக்கம். இவர் பஸ்ஸை விட்டு நடுவிலேயே இறங்கி, விசாரித்து, கடலைக் கொல்லைக்கே போய்விட்டார். அந்த மனிதர் கடலைச் செடிக்கு நடுவில் நின்றுகொண்டு, "வாங்காம இருந்தா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிட்டேம்மா" என்றாராம்.

"நீங்க வாங்கலேன்னா வியாதி இன்னா, வேற ஊட்டுக்குப் போயிடுமா?" என்று கேட்டுவிட்டு, அவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொரு முறை ஒரு சாமியார். பெயர் என்று கேட்ட இடத்தில் 'சாமி' என்று சொல்லியிருக்கிறார். போன் கிடையாது. எங்கள் ஊரில் 'சாமி' என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேடம் மலை சுற்றும் பாதையில் ஒரு காவி வேட்டி விடாமல் நிறுத்தி, "எங்ககிட்ட ரத்தம் குடுத்தது நீங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் எம லிங்கத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தாராம் ஆள்.

"நல்ல எடம் பார்த்து உக்காந்திருந்தாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"என்ன வியாதி?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் நார்மல்."

"இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனீங்க?"

"அவரும் இதேதான் கேட்டாரு. நார்மலும் ரிசல்ட்டுதானே சார்? ஒருத்தர் குடுத்துட்டுப் போயிருக்காரு. நாம சொல்லணும் இல்ல?"

இப்படிப்பட்டவரிடம் போய் நான் அறிவியல் புனைகதையைக் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் கடைக்கு அயர்லாந்துக்காரர் ஒருவர் வருவார். குளிர் தொடங்கும்போது வந்து ஒரு மாடி அறையில் தங்குவார், வெயில் தலைகாட்டியதும் போய்விடுவார். ஆள் பனைமர உயரம், குரல் பூனைக்குட்டி அளவு. பதிப்பகம் எதுவும் இல்லாமல் தானே எழுதி, தானே அட்டை போட்டு, தானே இணையத்தில் விற்கிற எழுத்தாளர். வாங்குகிறவர்களைத்தான் காணோம். ஒருநாள் ரயில் டிக்கெட்டுக்குக் காத்திருந்தபோது தன் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் இந்தச் சாலையில் வந்து போகிற வெளிநாட்டுக்காரர்கள் போட்ட பிச்சை. அதை வைத்துக்கொண்டு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவருடைய முதல் தொகுதிக் கதைகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அவர் சம்மதத்தோடு ஒவ்வொரு கதையையும் தனித்தனி மின்னூலாக ஏற்றினேன்.

அட்டையில் 'தமிழில்' என்று போட்டு என் பெயர். இத்தனை வருடம் எத்தனையோ பேரை எங்கெங்கோ அனுப்பி வைத்திருக்கிறேன். அந்த டிக்கெட்டுகள் எதிலும் என் பெயர் இருந்ததில்லை. இந்த அட்டையில் இருந்தது. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது தொகுதியையும் நானே செய்ய ஆசைப்பட்டேன். கேட்பதற்கு முன்பே பாதி முடித்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அயர்லாந்துக்காரர் உடனே சரி என்று சொல்லவில்லை. "வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்" என்றார். எனவே வாசகர் வேட்டையில் இறங்கினேன்.

என் மச்சான் ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'அருமை' என்று எழுதினான். எந்தக் கதை என்று கேட்டால் முழிப்பான். கூடப் படித்த ஒருவன் 'நல்ல முயற்சி, பணி தொடரட்டும்' என்று எழுதினான். கல்யாண மொய்க் கவரில் எழுதுகிற வாழ்த்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையிலேயே படித்தது லேப் மேடம் ஒருவர்தான்.

முதலில் படித்தது செவ்வாய்க் கிரகத்துக் கதை. அங்கே ஒரு குடியிருப்பு. பெரிய மணற்புயல் அடிக்கிறது, தண்ணீர் தயாரிக்கும் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஒரு பெண் பொறியாளர் புயலுக்குள் நடந்து போய்ச் சரிசெய்கிறாள். எல்லோரும் பிழைத்து, கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து சூப் குடிக்கிறார்கள். இதில் நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சொல் உண்டு. உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விடாமல் இருக்க இரண்டு கதவு வைத்த சின்ன அறை ஒன்று. இங்கிலீஷில் காற்றையும் பூட்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வைத்திருக்கிறார்கள். நான் 'காற்றுப்பூட்டு' என்று போட்டேன். அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்று இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து ஆவலாக உட்கார்ந்தேன்.

"படிச்சேன் சார். அந்தச் சமையக்காரர் திரும்பி வந்தாரா?"

"எந்தச் சமையல்காரர்?"

"மொதப் பக்கத்துல வர்றாரே. உப்பு கம்மியா இருக்குதுன்னு சொல்லிட்டு, வெளிய இருக்கிற குடோனுக்குப் போறாரு. அப்புறம் புயல் வந்துடுது. அப்புறம் அவரைக் காணோமே."

அப்படி ஒரு வரி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "அது சும்மா ஒரு இதுக்கு மேடம்" என்றேன்.

"சும்மாவா? எல்லாரும் உக்காந்து சூப்பு குடிக்கிறாங்க. சமையக்காரர் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அந்தச் சூப்புல உப்பு போட்டது யாரு?"

"கதை அந்தப் பொறியாளரைப் பத்தினது."

"அது சரி. குடோனுக்கும் காத்துப்பூட்டு இருக்குமில்ல? சாவி யாருகிட்ட இருக்குது?"

"அதுக்குச் சாவியே கிடையாது. அது ஒரு ரூம்."

"பூட்டுன்னு எழுதிட்டு சாவி இல்லன்னா எப்படி சார்?"

என் அருமைச் சொல்லுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். இரண்டாவது ஊசி முதல் ஊசியைவிட வலித்தது.

அடுத்த கதையில் ஒரு விண்கலம் ஆளில்லாத கோள் ஒன்றைச் சுற்றி வருகிறது. இடப்பக்க ஜன்னல் வழியாக எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "மலைய எடப்பக்கம் வச்சிக்கினு எவனாவது சுத்துவானா? அப்பவே நெனச்சேன், இதுங்க வெளங்காதுன்னு" என்றார். கதையில் உண்மையிலேயே அந்தக் கலம் விளங்காமல் போகிறது. எழுதியவருக்கு மலையும் தெரியும், வலம் வருவதும் தெரியும். ஆனால் அதை நினைத்து எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரர் எவர் படித்தாலும் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லியிருப்பார். அந்தக் கதைக்கும் மேடத்திடம் ஒரு கேள்வி இருந்தது. கலம் கிளம்பும்போது வழியனுப்ப வந்த கிழவரிடம் யார் போய்த் தகவல் சொன்னார்கள் என்று கேட்டார்.

குளிர் முடிகிற சமயம் அயர்லாந்துக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் தங்கியிருந்த மாடி என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். நேரில் சொல்ல முடியாததைத்தானே மனிதர்கள் எழுதுகிறார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தேன், என் கதைகள் உங்கள் மொழிக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, இரண்டாம் தொகுதி வேண்டாம், நானும் எழுதுவதை நிறுத்தலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் இங்கிலீஷ் எழுத்தில் 'போதும்' என்று இருந்தது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்ற வருகிறவரிடம் சொல்லிப் பழகிய சொல் அது. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

மச்சானுக்குப் பிறகு நான் எட்டிப் பார்க்காத இணையக் கடையை ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன். செவ்வாய்க் கதைக்கு ஒரு நட்சத்திரம். கீழே தமிழில், 'உப்பு எடுக்கப் போன சமையல்காரர் திரும்பி வந்தாரா?' விண்கலத்துக் கதைக்கு ஒரு நட்சத்திரம். கீழே அந்தக் கிழவர். வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று. எழுதியது யார் என்று நான் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே சொத்தை என்று நானே நினைத்த இயந்திர நாய்க் கதைக்கு மட்டும் மூன்று நட்சத்திரம் விழுந்திருந்தது.

பாதி முடித்த இரண்டாம் தொகுதி பாதியிலேயே கிடக்கப் போகிறது. அன்று லேபுக்குச் சர்க்கரைக்காகப் போகவில்லை, சண்டைக்காகத்தான் போனேன்.

"ஏன் மேடம், பிடிக்கலேன்னா என்கிட்ட சொல்லக்கூடாதா? ஊரறிய ஒண்ணு போட்டு மானத்தை வாங்கணுமா?"

கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி என்னை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு குடுத்தா இன்னா சார்?"

"ஒண்ணுன்னா மட்டம்."

"ஒண்ணு மட்டமா? ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட்டு ரேங்க் இல்ல?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எம் பொண்ணு ஒண்ணாம் ரேங்க் வாங்கினா ஸ்கூல்ல மேடையில ஏத்துறாங்க. அஞ்சு வாங்கினா ஊட்டுக்குப் பயந்துகினு வரா. அந்த நாய்க் கதை மட்டும் சுமார், அதனால மூணு போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இத்தனை நாளாக உலகம் பார்க்க எங்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தவர், ஒவ்வொன்றாக எங்களுக்கு முதல் பரிசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். மின்னஞ்சலையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அங்கேயே போனை எடுத்து எல்லாவற்றையும் ஐந்தாக மாற்றினார். "கை வரல சார். கடைசி பெஞ்சில உக்கார வச்ச மாதிரி இருக்குது" என்றார். பிறகு, "அவரைக் கூட்டிகினு வாங்க. எழுதுறத நிறுத்திட்டா அந்தச் சமையக்காரர் கதி?" என்றார்.

அவர் கவலை அப்போதும் அந்தச் சமையல்காரர்தான்.

அயர்லாந்துக்காரரை அழைத்து வருவது லேசாக இல்லை. மருத்துவர் சர்க்கரை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் மடித்து வைத்து வெகு நாளாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சாக்காக வைத்துத்தான், மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இழுத்து வந்தேன். மேடம் அந்தச் சீட்டைப் பார்த்தார். அது கசங்கியிருந்த லட்சணத்தைப் பார்த்தார். "இவரும் அந்த ஜாதிதானா, வராத ஜாதி" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார்.

மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து காத்திருந்தோம். மேடம் ரத்தம் எடுத்த குழாய்களை மெஷினில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் நடுவில். முதலில் நட்சத்திர விஷயத்தைச் சொன்னேன். அயர்லாந்துக்காரர் மரியாதைக்குச் சிரித்தார். ஆறுதலுக்காக நான் கட்டிய கதை என்று நினைத்திருப்பார். அடுத்து மேடம் கேட்டதை மொழிபெயர்த்தேன்.

"எந்தச் சமையல்காரர்?" என்றார் அவர், அன்று நான் கேட்டது போலவே.

மேடம் போனில் அந்த வரியைத் தேடி எடுத்து நீட்டினார். தமிழ் எழுத்து அவருக்குப் புரியாது, இருந்தாலும் வாங்கிப் பார்த்தார். நான் படித்துச் சொன்னேன். உப்பு, குடோன், புயல். அவர் போனை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "நான் அவரை மறந்தே போய்விட்டேன்" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்க, சரி. அவர் அங்கயே இன்னா பண்ணுவாரு? கதவு வேற பூட்டு. அவருக்கும் வீடு, வாசல் இருக்குமில்ல?" மேடம் குரலில் கோபம் இல்லை. ரிப்போர்ட் வாங்காதவரிடம் பேசுகிற அதே குரல். "கேளுங்க சார், சாவி யாருகிட்ட இருக்குதுன்னு கேளுங்க."

சாவி என்றதும் அயர்லாந்துக்காரருக்கு விளங்கவில்லை. அவர் மொழியில் அந்த அறைக்குச் சாவி என்கிற நினைப்பே வராது. தமிழில் நான் வைத்த சொல்லில் பூட்டு கொஞ்சம் பலமாகவே தொங்குகிறது, பூட்டு இருந்தால் எங்கள் ஆட்களுக்குச் சாவி வேண்டும் என்று விளக்கினேன். அவர் கண்கள் ஒரு மாதிரி மாறின. 'சாவி' என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவை.

பிறகு சொன்னார்: "இத்தனை வருடத்தில் எத்தனையோ நட்சத்திரம் வந்திருக்கிறது. யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் எழுதின ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று யாரும் கவலைப்பட்டதில்லை."

அதை நான் தமிழில் சொன்னேன். மேடம் கூச்சப்பட்டு எழுந்து மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் காகிதம். "சுகர் கொஞ்சம் ஜாஸ்தி. இனிப்பைக் கம்மி பண்ணச் சொல்லுங்க. நிறுத்துறதுன்னா அதை நிறுத்தட்டும், எழுதுறத வேணாம்."

படியிறங்கும்போது அயர்லாந்துக்காரர் என் தோளில் கை வைத்து, இரண்டாம் தொகுதியில் எத்தனை கதை முடித்திருக்கிறாய் என்று கேட்டார். பாதி என்றேன். எனக்குத் தெரியும் என்றார்.

அவர் ஊருக்குப் போனார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு புதுக்கதை அனுப்பினார். குடோனில் மாட்டிக்கொண்ட சமையல்காரரின் கதை. புயல் முடியும்வரை அந்த மனிதர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு என்னென்ன சமைத்துப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குடியிருப்பின் பூட்டுகளுக்கு உண்மையிலேயே ஒரு சாவி இருக்கிறது. அது ஒரு சின்னப் பெண்ணிடம் இருக்கிறது. அவள்தான் வந்து திறந்துவிடுகிறாள். அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி என்று சத்தியம் செய்வேன்.

அன்றைக்கே லேபுக்கு ஓடினேன். ரத்தம் எடுக்க வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேடத்தின் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்களாம். நான் ஒரு டிக்கெட் வேலையாக வெளியூர் போயிருந்த சமயம் அது. பழைய எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் விசாரித்தேன், புது எண் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போனபோது அந்தப் புதுப் பெண், "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் சார்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

கேட்டவருக்கு ரிசல்ட் வந்திருக்கிறது. வாங்கத்தான் ஆளில்லை. மேடமாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். ஓசூரில் கண்ணாடியைத் தலைமேல் வைத்திருக்கிற பெண்களையெல்லாம் நிறுத்திக் கேட்க என்னால் முடியாது. அதனால் கதையைத் தமிழாக்கி ஏற்றும்போது, முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'ரிப்போர்ட் வாங்காமல் போன மேடத்துக்கு. ரிசல்ட் வந்துவிட்டது. வந்து வாங்கிக்கொள்ளவும்.' அயர்லாந்துக்காரரிடம் கேட்டுத்தான் சேர்த்தேன்.

வாரங்கள் போயின. மச்சான் வழக்கம்போல ஐந்து கொடுத்தான். 'அருமை.'

பௌர்ணமிக் கூட்டத்துக்கு முந்தின நாள். கடையில் ஈ மொய்க்கிற மாதிரி ஆட்கள். சென்னை பஸ்ஸுக்கு ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கை தவறி எதையோ அழுத்தியதில் கதையின் பக்கம் திறந்துகொண்டது. புதிதாக ஒரு கருத்து. ஒரே ஒரு நட்சத்திரம். கீழே:

'உப்பு வந்து சேர்ந்தது, சந்தோஷம். சாவி வைத்திருந்த பெண் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டாள். அவள் சாப்பிட்டாளா?'

நான் அதை வாய்விட்டுப் படித்தேன் போலிருக்கிறது. "யாரு சார் சாப்பிடல?" என்றார் சென்னைக்காரர். பதில் சொல்வதற்குள் அயர்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்து விழுந்தது. அவருக்கு இன்னமும் தமிழ் படிக்கத் தெரியாது. நட்சத்திரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

'ஒன்று! முதல் ரேங்க்! என்ன கேட்டிருக்கிறார்? உடனே சொல்.'

சென்னைக்காரரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன்.